தேடுபொறியில் கிடைத்தது ஆய்வுக்கு ஆதாரமாகுமா?

கேள்வி: நான் முதுகலை இறுதியாண்டு மாணவி. படுக்கப்போகும் நேரத்தில் கைப்பேசி பார்ப்பதற்கும் மாணவர்களின் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பு பற்றித் திட்டக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். தகவல்கள் எல்லாவற்றையும் கூகுளில் தேடித்தான் எடுத்தேன். முதல் வரைவைப் படித்த என் நெறியாளர், துணைநூற்பட்டியலின் ஓரத்தில் "கூகுள் ஆதாரம் ஆகாது" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்துத் தளங்களில் ஒரே செய்தி வரும்போது அது எப்படித் தவறாக இருக்கும்? ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் தேடினால் போதுமா? தேடலின் உச்சியில் வரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தை மேற்கோள் காட்டலாமா? தேடுபொறிகளை ஆய்வுக்கு நம்பலாமா, கூடாதா என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் நெறியாளர் எழுதிய குறிப்பைத் தேடுபொறிக்கு எதிரான தடையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூகுளில் தேடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. தேடிக் கண்டடைந்த பொருள் எது, அதை எழுதியவர் யார், எந்த ஆண்டில், எந்த அடிப்படையில் எழுதினார் என்பதைக் காட்டாமல், தேடிய கருவியின் பெயரையே ஆதாரமாக எழுதிவிட்டீர்கள் என்பதுதான் அவருடைய குறை என்று நினைக்கிறேன். ஆய்வு மாணவர்களுக்கு நூலும் கட்டுரையும் தேடிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட நூலகர் என்ற முறையில், இந்தக் குழப்பத்தைப் பல மாணவர்களிடம் பார்க்கிறேன். நூலகத்தில் ஒரு நூலை எடுத்துப் படித்தவர் தம் கட்டுரையில் அந்த நூலின் பெயரை எழுதுவாரே தவிர, நூலக அட்டவணையின் பெயரை எழுத மாட்டார். தேடுபொறியும் அட்டவணைதான். ஆனால் அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதை முதலில் காட்டுவது என்பதை முடிவு செய்வது உங்கள் துறையை அறிந்த ஒருவர் அல்லர் என்பதால், சற்றுக் கூடுதலான கவனம் தேவைப்படுகிறது.

நம்பலாமா என்று கேட்டால், எதற்கு நம்புவது என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். இணையத்தில் இருக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்துத் தருவதற்குத் தேடுபொறியை நம்பலாம். அந்த வேலையில் அதற்கு நிகரான கருவி எங்களிடம் இதற்கு முன் இருந்ததில்லை. கிடைத்த பொருள் உண்மையா என்று சொல்வதற்கு நம்பக் கூடாது. அந்த வேலைக்காக அது உருவாக்கப்படவே இல்லை.

ஏன் என்று புரிய, அது இயங்கும் விதத்தை அறிந்துகொள்வது நல்லது. தேடுபொறியின் நிரல்கள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புகளின் வழியே சென்று, கண்ட பக்கங்களையெல்லாம் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு மாபெரும் சொல்லடைவைத் தயாரித்து வைக்கின்றன. நீங்கள் தேடும்போது இணையம் முழுவதும் தேடப்படுவதில்லை. அந்தச் சொல்லடைவில் ஏற்கெனவே ஏறியிருப்பவை மட்டுமே தேடப்படுகின்றன. உங்கள் சொற்களுக்குப் பொருந்தும் பக்கங்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தபோது இதற்குக் கண்ட வழி, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்கள் எவ்வளவு முக்கியமானவை என்று கணக்கிடுவது. ஆய்வுக் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணும் பழக்கம் நூலகத் துறையில் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. யூஜீன் கார்ஃபீல்டு 1964இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அடைவு அதன் முன்னோடி. இன்று அந்தக் கணக்கோடு தேடுபவர் இருக்கும் இடம், மொழி, பக்கம் புதியதா பழையதா என்பன போன்ற பல அளவைகள் சேர்ந்துவிட்டன. இவற்றில் எதுவும் ஒரு கூற்றை எடுத்து மெய்யா பொய்யா என்று சோதிப்பதன்று. பலர் சுட்டிய பக்கம் மேலே வருகிறது. பலரும் சுட்டுவதற்கு அது சரியாக இருப்பது காரணமாகலாம். சுவையாக இருப்பதும், எளிமையாக இருப்பதும், பரபரப்பாக இருப்பதும் காரணமாகலாம்.

வரிசையின் மீது நமக்கிருக்கும் நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கல்லூரி மாணவர்களின் கண் அசைவைக் கருவி கொண்டு பதிவு செய்த ஆய்வாளர்கள், கூகுளின் முடிவுகளை மாணவர்களுக்குத் தெரியாமல் இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பொருத்தம் குறைந்த முடிவு மேலே இருந்தபோதும், மேலே இருக்கிறது என்பதற்காகவே மாணவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கும் போக்கு வெளிப்பட்டது. நீங்கள் எந்தெந்தப் பக்கங்களிலிருந்து குறிப்பெடுத்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவற்றில் எத்தனை, முடிவுகளின் இரண்டாம் திரையிலிருந்து வந்தவை?

விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது உங்கள் தலைப்போடு நேரடியாகத் தொடர்புடையது. பேஜும் பிரின்னும் 1998இல் தங்கள் தேடுபொறியை விளக்கி எழுதிய கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பர வருவாயை நம்பி நடக்கும் தேடுபொறிகள் பயனாளரின் தேவையை விட்டு விளம்பரதாரரின் பக்கம் சாயும் என்று எதிர்பார்ப்பதாக எழுதினார்கள். அதற்கு அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு கைப்பேசிதான். தங்கள் சோதனைத் தேடுபொறியில் கைப்பேசி என்று தேடினால், கைப்பேசியில் பேசுவது வாகன ஓட்டியின் கவனத்தை எப்படிச் சிதறடிக்கிறது என்ற ஆய்வு முன்னணியில் வருகிறது என்றும், கைப்பேசி விளம்பரத்துக்குப் பணம் வாங்கும் தேடுபொறி அப்படி ஒரு முடிவைத் தன் விளம்பரதாரரிடம் நியாயப்படுத்துவது கடினம் என்றும் குறிப்பிட்டார்கள். பின்னர் அவர்களுடைய நிறுவனமே விளம்பரத்தால் வளர்ந்தது. விளம்பரம் என்று குறியிட்ட முடிவுகளை ஒதுக்குவது எளிது. குறியில்லாமல் வரும் முடிவுகளிலும் தூக்க மாத்திரை, மெத்தை, நீல ஒளி வடிகட்டும் கண்ணாடி விற்பவர்கள் எழுதிய "விழிப்புணர்வு" கட்டுரைகள் உண்டு. தேடலில் மேலே வருவதற்கென்றே சொற்களைத் தேர்ந்து எழுதப்பட்டவை அவை. அவற்றில் உள்ள தகவல் எல்லாம் பொய் என்று சொல்ல மாட்டேன். தம் பொருள் விற்காமல் போகக்கூடிய தகவலை அவர்கள் எழுத வாய்ப்பு குறைவு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இனி, பத்துத் தளங்கள் ஒரே செய்தியைச் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானது இதுதான், ஆகவே விரிவாகவே சொல்கிறேன். பத்துப் பேர் தனித்தனியே பார்த்து ஒன்றைச் சொன்னால் அது பத்துச் சாட்சி. ஒருவர் சொன்னதை மற்ற ஒன்பது பேரும் திருப்பிச் சொன்னால் அது ஒரே சாட்சி. தேடல் முடிவுகளின் பட்டியல் இந்த இரண்டுக்கும் வேறுபாடு காட்டாது. பசலைக்கீரையில் இரும்புச்சத்து மிக அதிகம் என்ற நம்பிக்கை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் ஒருவர் தசமப்புள்ளியை இடம் மாற்றிப் போட்டதால் பத்து மடங்காகப் பிறந்தது என்ற கதையை நீங்களும் படித்திருக்கலாம். ஆய்வாளர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக ஏராளமான நூல்களும் கட்டுரைகளும் இதைச் சொல்கின்றன. இந்தக் கதையின் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்றவர்கள், 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரையைச் சென்றடைந்தார்கள். அந்தக் கட்டுரை தசமப்புள்ளிக் கதைக்கு எந்த ஆதாரமும் காட்டவில்லை. பிழையைப் பற்றிய எச்சரிக்கையே, யாரும் சரிபார்க்காத பிழையாகப் பரவியிருந்தது. நோர்வே ஆய்வாளர் ஓலே பியோர்ன் ரெக்டால் 2014இல் எழுதிய கட்டுரை இதை விரிவாக ஆராய்ந்து, மூலத்தைப் படிக்காமலேயே மேற்கோள் காட்டும் பழக்கம் கல்வி உலகில் எப்படிப் பொய்க் கதைகளை வளர்க்கிறது என்று காட்டியது.

எனவே எத்தனை தளங்கள் சொல்கின்றன என்று எண்ணுவதை விட்டுவிட்டு, அவை எல்லாம் எங்கிருந்து எடுத்தன என்று தேடுங்கள். உங்கள் தலைப்பிலேயே செய்து காட்டுகிறேன். கைப்பேசியின் நீல ஒளி, தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனைப் பாதிக்கு மேல் குறைத்துவிடுகிறது என்று ஹார்வர்டு ஆய்வு கூறுகிறது என்பது போன்ற ஒரு வரியை நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த வரியை எழுதிய தளம் ஆய்வாளரின் பெயரைச் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். சொல்லாவிட்டால், அந்த எண்ணிக்கையையும் மெலடோனின் என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்து, பொதுத் தேடலில் அல்லாமல் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடுங்கள். அன்-மேரி சாங் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் 2014 டிசம்பரில் இணையத்திலும் 2015இல் அச்சிலும் வெளியிட்ட கட்டுரை கிடைக்கும். அதைத் திறந்து, முடிவுரைக்குப் போகாமல் ஆய்வுமுறைப் பகுதியைப் படியுங்கள்.

அங்கே நீங்கள் காண்பது இதுதான். ஆய்வில் பங்கேற்றவர்கள் 12 பேர். அவர்களை ஏறத்தாழ இரண்டு வாரம் ஆய்வகத்திலேயே தங்க வைத்தார்கள். மங்கிய ஒளியுள்ள அறையில், படுக்கப்போகும் முன் 4 மணி நேரம், தொடர்ந்து 5 நாள், ஒளிரும் திரையில் மின்னூல் படிக்கச் செய்தார்கள். அதேபோல் அச்சுப் புத்தகமும் படிக்கச் செய்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். கருவி கைப்பேசி அன்று, கைக்கணினி (டேப்லெட்). அதன் ஒளி முழு அளவில் வைக்கப்பட்டிருந்தது. மெலடோனின் குறைந்தது உண்மை, ஏறத்தாழ 55 சதவீதம். ஆனால் தூங்கத் தொடங்குவதற்கு ஆன நேரத்தில் ஏற்பட்ட வேறுபாடு ஏறத்தாழ 10 நிமிடம். ஆய்வு கவனமாகச் செய்யப்பட்டது. ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை. கட்டுரையிலிருந்து செய்திக் குறிப்புக்கும், அதிலிருந்து நாளிதழுக்கும், அங்கிருந்து தளங்களுக்கும் வந்து சேர்வதற்குள் 12 பேரும், 4 மணி நேரமும், கைக்கணினியும், 10 நிமிடமும் உதிர்ந்துபோய், அச்சமூட்டும் சதவீதம் மட்டும் தங்கிவிட்டது. நீங்கள் ஆராய்வதோ கைப்பேசி. உங்கள் மாணவர்கள் படிப்பது மின்னூலும் அன்று, பெரும்பாலும் அரட்டையும் காணொலியும். ஆகவே இந்த ஆய்வை நீங்கள் மேற்கோள் காட்டலாம், ஆனால் "திரை ஒளி மெலடோனினைக் குறைக்கக்கூடும் என்பதற்குச் சிறிய அளவிலான ஆய்வகச் சான்று உள்ளது" என்ற அளவில்தான் காட்ட முடியும். மூலத்தைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு வாக்கியத்தில் நெறியாளருக்குத் தெரிந்துவிடும்.

தேடும் சொற்களைப் பற்றியும் சில வார்த்தைகள். "கைப்பேசியால் தூக்கம் கெடுவது எப்படி" என்று தேடினால், கெடுகிறது என்ற முடிவை நீங்களே கொடுத்துவிட்டுக் காரணம் கேட்கிறீர்கள். தேடுபொறி அதற்கு ஏற்ற பக்கங்களையே கொண்டுவந்து கொட்டும். தூக்கம் வராதவர்கள்தான் கைப்பேசியை எடுக்கிறார்களோ என்ற எதிர்த்திசைக் கேள்வி உங்கள் திரையில் தோன்றாமலே போய்விடும். முடிவு ஏதும் கலவாத சொற்களால் தேடுங்கள். பிறகு உங்கள் கருத்துக்கு எதிரான சொற்களாலும் ஒருமுறை வேண்டுமென்றே தேடுங்கள். துறையினர் பயன்படுத்தும் கலைச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தூங்கத் தொடங்க ஆகும் நேரத்தை ஆய்வாளர்கள் "ஸ்லீப் ஆன்செட் லேட்டன்சி" என்கிறார்கள். இந்தத் தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடிப்பாருங்கள், மெத்தை விற்பவர்கள் பெரும்பாலும் மறைந்து ஆய்விதழ்கள் முன்னே வரும். சைட் என்ற ஆங்கிலச் சொல், ஒரு முக்காற்புள்ளி, அதன்பின் இடைவெளி விடாமல் தளத்தின் முகவரி என்று சேர்த்தால், அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி இட்டால் அதை விலக்கும். சிறிய உத்திகள்தான் இவை. ஆனால் தேடலைத் தேடுபொறியின் விருப்பத்துக்கு விடாமல் உங்கள் கையில் வைத்துக்கொள்ள உதவும்.

அறிமுகமில்லாத தளம் ஒன்று முடிவுகளில் வந்தால், அதற்குள்ளேயே சுற்றிவந்து அதன் தரத்தை மதிப்பிட முயல வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்கும் சாரா மக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்கள், இளங்கலை மாணவர்கள், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் இணையதளங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். நன்கு படித்தவர்களான முதலிரு தரப்பினரும் தளத்தின் தோற்றம், இலச்சினை, "எங்களைப் பற்றி" என்ற பக்கம் ஆகியவற்றைப் பார்த்துப் பல வேளைகளில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ, தளத்தை ஓரிரு நொடி பார்த்ததும் அதை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். சோதனையில் வைக்கப்பட்ட இரண்டு அமைப்புகளின் பெயர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்பது 1930இல் தொடங்கிய, குழந்தை மருத்துவர்களின் மிகப் பெரிய தொழில்சார் அமைப்பு. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ் என்பது கொள்கை வேறுபாட்டால் 2002இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. இரண்டு தளங்களையும் எத்தனை முறை உள்ளே படித்தாலும் இந்த வேறுபாடு எளிதில் புலப்படாது. வெளியே வந்து தேடினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இங்கே கவனியுங்கள், அவர்கள் சரிபார்த்ததும் தேடுபொறியைக் கொண்டுதான். ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டப்படும் அதே கருவி, பயன்படுத்தத் தெரிந்தவரிடம் காவலாகவும் இருக்கிறது.

விக்கிப்பீடியாவும் முடிவுகளில் பெரும்பாலும் மேலே வரும். தலைப்பை அறிமுகப்படுத்திக்கொள்ளவும், கலைச்சொற்களைப் பொறுக்கவும், அடியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு மூலங்களுக்குச் செல்லவும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மேற்கோள் காட்ட வேண்டாம்.

கூகுள் ஸ்காலர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். 2004 நவம்பரில் அது வந்தபோது, பெரிய சந்தா கட்ட இயலாத கல்லூரிகளின் மாணவர்களுக்கு ஒரு பெருங்கதவு திறந்தது. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று அடியிலேயே காட்டும் வசதி, ஒரு விவாதம் எப்படி வளர்ந்தது என்று முன்னோக்கிச் செல்ல மிகவும் உதவும். அதன் "அனைத்துப் பதிப்புகளும்" என்ற இணைப்பைச் சொடுக்கினால், பணம் கேட்கும் கட்டுரையின் இலவசப் பிரதி வேறோர் இடத்தில் முறைப்படி வைக்கப்பட்டிருப்பது பல வேளைகளில் தெரியவரும். ஆனால் ஸ்காலரில் வந்ததெல்லாம் வல்லுநர் மதிப்பாய்வு (துறை அறிந்த பிறர் வெளியீட்டுக்கு முன் படித்துச் சோதிப்பது) பெற்றது என்று எண்ணிவிட வேண்டாம். ஆய்வேடுகள், மதிப்பாய்வுக்கு முன் பதிவேற்றப்படும் வரைவுகள், மாநாட்டு உரைகள் ஆகியவையும் அதில் கலந்தே வரும். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களின் கட்டுரைகளையும் அது முற்றாக வடிகட்டுவதில்லை. அப்படிப்பட்ட இதழ்கள் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். 2013இல் அறிவியல் செய்தியாளர் ஜான் போஹனன், அடிப்படைப் பிழைகள் வேண்டுமென்றே புகுத்தப்பட்ட ஒரு போலிக் கட்டுரையை யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. சயின்ஸ் இதழில் அவர் இதை வெளியிட்டார்.

மேற்கோள் எண்ணிக்கையையும் தர அளவாகக் கொள்ளாதீர்கள். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற அச்சத்தைக் கிளப்பிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை, 12 குழந்தைகளைப் பற்றியது. லான்செட் இதழ் அதை 2010இல் முற்றிலும் திரும்பப் பெற்றது. ஆனால் அதை மறுத்து எழுதியவர்களும் மேற்கோள் காட்டித்தான் ஆக வேண்டும் என்பதால் அதன் எண்ணிக்கை மிகப் பெரியது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பழைய பிரதிகள், திரும்பப் பெறப்பட்டது என்ற முத்திரை இல்லாமலேயே வேறு தளங்களில் கிடக்கும். தேடல் அவற்றையும் எடுத்துத் தரும். ஆகவே உங்கள் வாதம் சாய்ந்து நிற்கும் ஒவ்வொரு கட்டுரையையும் அதை வெளியிட்ட இதழின் பக்கத்துக்கே சென்று ஒருமுறை பாருங்கள். கட்டுரையின் நிலையான அடையாள எண்ணான டி.ஓ.ஐ. எண்ணைப் பிடித்துச் சென்றால் நேரே அங்கே போய்விடலாம். 2010இல் தொடங்கிய ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தளம், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பதிவு செய்யும் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி வளர்த்திருக்கிறது. அதிலும் பெயரைத் தட்டிப் பார்க்கலாம்.

உங்கள் தலைப்புக்கு ஸ்காலரோடு பப்மெட்டையும் கட்டாயம் பயன்படுத்துங்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இந்தத் தரவுத்தளத்தில் 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. யாரும் கட்டணமின்றித் தேடலாம். பெரும்பாலான கட்டுரைகளுக்கு ஒரு சீரான சொற்பட்டியலிலிருந்து பொருள் தலைப்புகள் தரப்பட்டிருப்பதால், ஓர் ஆய்வாளர் கைப்பேசி என்றும் இன்னொருவர் ஸ்மார்ட்போன் என்றும் எழுதியிருந்தாலும் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் கிடைத்துவிடும். அங்கே முறைசார் தொகுப்பாய்வு என்ற வகையை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோட்ட கட்டுரைகள் வரும்; அவற்றிலிருந்து தொடங்குவது உங்களுக்கு மிகுந்த நேரத்தை மிச்சப்படுத்தும். முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்டால் சுருக்கத்தை மட்டும் படித்து எழுதிவிடாதீர்கள். உங்கள் நூலகரிடம் கேளுங்கள். வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்பதிலும் கூச்சம் வேண்டாம். பெரும்பாலான ஆய்வாளர்கள் தம் கட்டுரையை ஒரு மாணவர் படிக்க விரும்புகிறார் என்பதில் மகிழ்ச்சியே அடைகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தைப் பொறுத்தவரை என் பதில் உறுதியானது: மேற்கோள் காட்டக் கூடாது. சாதாரணத் தேடல், இன்னார் எழுதிய பக்கம் இது என்று உங்களை ஓர் ஆளிடம் அனுப்புகிறது. சுருக்கமோ பல பக்கங்களைக் கலந்து, யாரும் எழுதாத ஒரு பத்தியைத் தருகிறது. அதற்குப் பொறுப்பேற்க ஆசிரியர் இல்லை, நாளை அதே கேள்விக்கு அதே விடை வரும் என்ற உறுதியும் இல்லை. 2024 மே மாதத்தில் கூகுள் இந்த வசதியைப் பரவலாக்கியபோது, நாளொன்றுக்கு ஒரு சிறு கல்லையாவது உண்ணலாம் என்ற அறிவுரை அதில் வந்தது. நையாண்டி இதழ் ஒன்றின் கட்டுரையை அது மருத்துவக் குறிப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. உரையாடும் செயலிகளில் இன்னொரு கேடும் உண்டு: ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்க எண் எல்லாம் பொருந்திவர, இல்லாத கட்டுரையையே அவை உருவாக்கித் தரக்கூடும். 2023இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி தந்த, நடந்தேயிராத வழக்குகளின் தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. தலைப்பைச் சுற்றி என்னென்ன கேள்விகள் இருக்கின்றன என்று யோசிக்க அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை, உங்கள் துறை அதை அனுமதித்தால். அவை காட்டும் மூலத்தை நீங்களே திறந்து, அந்தக் கூற்று அங்கே உண்மையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காத வரை, ஒரு வரியையும் எடுத்து எழுத வேண்டாம்.

இவ்வளவும் தேடுபொறி கொண்டுவரும் பொருள்களைப் பற்றியது. கொண்டுவராதவற்றையும் நினைவில் வையுங்கள். இணையத்தில் ஏறாத ஆவணங்கள், பதிப்புரிமை காரணமாகச் சில வரிகள் மட்டுமே காட்டப்படும் நூல்கள், கடவுச்சொல்லுக்குப் பின்னால் உள்ள தரவுத்தளங்கள் ஆகியவை முடிவுகளில் வராது, அல்லது அரைகுறையாக வரும். தூக்கம் பற்றிய மருத்துவப் பாடநூல் ஒன்றில் நன்கு எழுதப்பட்ட இருபது பக்க இயல், சிதறிய அறுபது இணையப் பக்கங்களைவிட உங்கள் அடிப்படையை உறுதியாக்கும். அதை நூலகத்தில் போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது திருத்தும் வேலைக்கு வருகிறேன். துணைநூற்பட்டியலில் கூகுள் என்றும் வெறும் முகவரிகளாகவும் எழுதியிருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தப் பக்கத்தில் உள்ள செய்தியின் மூலக் கட்டுரையைத் தேடுங்கள். கிடைத்தால் படித்துவிட்டு, ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், டி.ஓ.ஐ. எண் ஆகியவற்றோடு எழுதுங்கள். மூலம் கிடைக்காத செய்தியை, அது எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், கட்டுரையிலிருந்து எடுத்துவிடுங்கள். அரசு அல்லது உலக சுகாதார நிறுவனம் போன்றவற்றின் அறிக்கை இணையப் பக்கமாகவே இருந்தால், வெளியிட்ட அமைப்பின் பெயரையும் நீங்கள் பார்த்த நாளையும் சேர்த்து எழுதுவதோடு, இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும், இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் தரப்பட்டிருந்த இணைப்புகளில் ஏறத்தாழ பாதி, முதலில் சுட்டிய தகவலை இப்போது காட்டுவதில்லை என்று 2014இல் ஹார்வர்டு சட்டப் பள்ளி ஆய்வாளர்கள் கண்டார்கள். மாணவர் கட்டுரையின் இணைப்புகள் அதைவிட நீண்டநாள் நிலைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நெறியாளர் அனுமதித்தால், ஆய்வுமுறை இயலில் ஒரு பத்தி சேருங்கள்: எந்தெந்தத் தரவுத்தளங்களில், எந்தெந்தச் சொற்களால், எந்தத் தேதியில் தேடினீர்கள், எத்தனை கட்டுரைகள் கிடைத்தன, எவற்றை ஏன் விலக்கினீர்கள் என்பவற்றை அதில் எழுதுங்கள். கூகுள் ஸ்காலரின் பெயர் அந்தப் பத்தியில் இடம்பெறுவதை அவர் மறுக்க மாட்டார். தேடுபொறியின் பெயர் வர வேண்டிய இடம் அதுதான். வரைவைத் திரும்பக் கொடுக்கும்போது, நீங்கள் முதலில் எடுத்த செய்தி ஒன்றையும் அதன் மூலக் கட்டுரையில் உண்மையில் இருப்பதையும் பக்கம் பக்கமாக வைத்து அவரிடம் காட்டி, எந்த அளவுக்கு அதை எழுதலாம் என்று கேளுங்கள்.

அன்புடன்,
நூலகர்